பழைய கேம் திறக்கலையா? அது எப்படி வந்துச்சுன்னு முதல்ல சொல்லுங்க

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சற்றே திருத்தப்பட்டுள்ளது.)

நாசரேத்திலிருந்து பேசுறேன்.

டிசம்பர் பிறந்தா நம்ம ஊர் நிறைஞ்சிரும். சென்னை, மும்பை, மஸ்கட், துபாய்னு எங்கெங்கயோ இருக்கிறவங்க கிறிஸ்மஸுக்கு வந்து இறங்குவாங்க. வர்றவங்க கையில புது லேப்டாப் இருக்கும். வீட்டு அலமாரியில இருபது வருஷத்துக்கு முந்தின சிடி கிடக்கும். அண்ணன் தம்பி எல்லாம் ஒண்ணு சேர்ந்ததும், "ஏலே, அந்த கேமைப் போடுவோமா"ன்னு ஆரம்பிப்பாங்க. டபுள் கிளிக் பண்ணினா ஒண்ணும் நடக்காது. மறுநாள் காலையில என் கடையில நிப்பாங்க.

இப்போ இந்தக் கேள்வி கூடுதலா வருது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சுது. அதனால பழைய மெஷினை மூட்டை கட்டி வச்சிட்டு விண்டோஸ் 11-க்கு நிறைய பேர் மாறிட்டாங்க. மாறின பிறகுதான் தெரியுது, கூடவே கொண்டு வந்த கேம் அங்க ஓடலைன்னு. அதான் இன்னிக்குப் பேச்சு.

வர்றவங்க எல்லாரும் முதல்ல கேமோட பெயரைச் சொல்வாங்க. கிரிக்கெட் 07, வைஸ் சிட்டி, ரோட் ரேஷ், ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ். நான் முதல்ல கேட்கிறது வேற. "தம்பி, இந்த கேம் உங்ககிட்ட எப்படி வந்துச்சு?"

இதை ஏன் கேட்கிறேன்னா, நம்ம பக்கம் ஒரிஜினல் டப்பாவோட கேம் வாங்கினவங்க ரொம்பக் குறைவு. 2000-களில் பிரவுசிங் சென்டர்ல விளையாடினோம். அப்புறம் ஒரே சிடியில நூறு கேம் போட்டு வித்தாங்க. அதுக்கும் பிறகு பென் டிரைவ் வந்துச்சு. பக்கத்து வீட்டு மெஷின்ல இருந்து கேம் ஃபோல்டரை அப்படியே காப்பி பண்ணிக்கிட்டு வந்துருவோம். அதாவது, அந்த மெஷின்ல கேமை யாருமே இன்ஸ்டால் பண்ணியிருக்க மாட்டாங்க. காப்பி மட்டும்தான் பண்ணியிருப்பாங்க.

இன்ஸ்டால் பண்றதுங்கிறது ஃபைல்களைக் கொண்டு வந்து வைக்கிற வேலை மட்டும் இல்ல. விண்டோஸ் ஒரு பேரேடு வச்சிருக்கு. ரெஜிஸ்ட்ரின்னு பேரு. இன்ஸ்டால் ஆகும்போது கேம் அதுல ஒரு பதிவு போடும்: நான் இந்த ஃபோல்டர்ல இருக்கேன், என் சிடி இந்த டிரைவ்ல இருக்கு, மொழி ஆங்கிலம், இப்படி. அடுத்த முறை திறக்கும்போது முதல் வேலையா அந்தப் பதிவைத் தேடும். இல்லைன்னா சில கேம் பிழைச் செய்தி காட்டும். பல கேம் சத்தமே இல்லாம மூடிக்கிடும். விண்டோஸ் மேல பழி போட்டுக்கிட்டு இருப்போம், ஆனா அந்த ஃபோல்டர் எந்தப் புது மெஷின்லயும் ஓடியிருக்காது.

இதுல இன்னொரு சிக்கல். சில பேர் விவரமா அந்தப் பதிவை ஒரு சின்ன ஃபைலாச் சேர்த்தே கொடுத்திருப்பாங்க. அதை டபுள் கிளிக் பண்ணினா பேரேட்டில் ஏறிடும். 32-பிட் எக்ஸ்பி காலத்தில் அது சரியா வேலை செஞ்சுது. இன்றைய 64-பிட் விண்டோஸில் பழைய 32-பிட் மென்பொருளுக்குன்னு பேரேட்டுக்குள்ளேயே ஒரு தனி அறை உண்டு, 'வாவ் 6432 நோட்'னு பேரு. கேம் அங்கே போய்த் தேடும். நீங்க ஏத்தின பதிவு வெளியே பொது இடத்தில் கிடக்கும். ரெண்டும் சந்திக்கவே சந்திக்காது. அந்தச் சின்ன ஃபைலை நோட்பேடில் திறந்து, 'சாஃப்ட்வேர்'ங்கிற சொல்லுக்குப் பிறகு இந்த அறையோட பெயரைச் சேர்த்துச் சேமிச்சா, பாதிக் கதை அங்கேயே முடிஞ்சுரும்.

சரி, ஒரிஜினல் சிடியே இருக்குன்னு வச்சுக்குவோம். முதல்ல அதை ஓட்டாதீங்க, பிரதி எடுங்க. நம்ம ஊர் தேரிக்காட்டு ஓரம். ஆனி, ஆடிக் காத்துல செம்மண் எங்கே எல்லாம் போய் உக்காரும்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. அந்தப் பக்கம் கடல் காத்து, ஈரம். உறை இல்லாம கிடந்த சிடியில பூசணமே பிடிச்சிருக்கும். மெல்லிய துணியால நடுவிலிருந்து விளிம்பு நோக்கித் துடைங்க, வட்டமாத் துடைக்காதீங்க. அப்புறம் இம்ஜ்பர்ன் மாதிரி ஒரு இலவசக் கருவியில பிம்பம் எடுத்துருங்க. 90-களின் கேம் சிடியில் பின்னணி இசை சாதாரணப் பாட்டு சிடி மாதிரி தனி டிராக்காக இருக்கும். ஐஎஸ்ஓவா எடுத்தா அது விட்டுப் போயிரும், கேம் ஊமையா ஓடும். பின்-க்யூ வடிவத்தில் எடுக்கணும். நம்ம நாட்டுக் காப்புரிமைச் சட்டம் 52-ஆம் பிரிவு, முறையா வாங்கின மென்பொருளுக்குப் பாதுகாப்புப் பிரதி எடுத்துக்க அனுமதிக்குது. அதனால பயப்பட வேண்டாம்.

அடுத்த கேள்வி: டபுள் கிளிக் பண்ணினதும் என்ன நடக்குது? "ஒண்ணும் நடக்கலை அண்ணாச்சி"ன்னு சொல்வாங்க. ஆனா கணினி எங்கேயாவது எழுதி வச்சிருக்கும். ஸ்டார்ட் மெனுவில் 'ஈவென்ட் வியூவர்'னு தேடுங்க. விண்டோஸ் லாக்ஸ், அதுக்குள்ள அப்ளிகேஷன். கேமைத் திறக்க முயன்ற அதே நேரத்துக்குச் சிவப்புக் குறி இருக்கான்னு பாருங்க. இருந்தா, எந்த ஃபைலில் விழுந்துச்சுன்னு பெயரோட இருக்கும். அந்தப் பெயரை எழுதிக்கிட்டு வந்தாலே எனக்குப் பாதி வேலை மிச்சம்.

"இந்த ஆப் உங்கள் கணினியில் இயங்காது"ன்னு விண்டோஸ் நேராவே சொன்னா, பெரும்பாலும் அது 16-பிட் சமாச்சாரம். 64-பிட் விண்டோஸ் 16-பிட் மென்பொருளை ஓட்டாது. விண்டோஸ் 10 வரைக்கும் 32-பிட் பதிப்புன்னு ஒண்ணு இருந்துச்சு, அதில் ஓட்டிக்கலாம். விண்டோஸ் 11-ல 64-பிட் மட்டும்தான். இங்கே வேடிக்கை என்னன்னா, 1996, 97-ல் வந்த பல கேம்கள் 32-பிட்தான். ஆனா அதை இன்ஸ்டால் பண்ற செட்டப் ஃபைல் மட்டும் 16-பிட்டா இருக்கும். வீடு புதுசு, வாசக்கதவு பழசு. செட்டப் ஓடலைன்னு சிடியைத் தூக்கிப் போட்டவங்க எத்தனையோ பேர். சிடிக்குள்ள போய்ப் பாருங்க, சில சமயம் கேம் ஃபைல்கள் சுருக்கப்படாம அப்படியே கிடக்கும். காப்பி பண்ணினாப் போதும். இல்லைன்னா 'வைன்விடிஎம்'னு ஒரு இலவச மென்பொருள் 64-பிட் விண்டோஸிலேயே 16-பிட் செட்டப்பை ஓட்டும். லினக்ஸ் வச்சிருக்கிறவங்களுக்கு வைன் அந்த வேலையைச் செய்யும். விண்டோஸுக்காக எழுதின 16-பிட் மென்பொருளை விண்டோஸ் கைவிட்ட பிறகும் லினக்ஸ் ஓட்டுது, பாருங்க.

இன்னும் பழசு, டேவ், பிரின்ஸ் ஆஃப் பெர்சியா மாதிரி டாஸ் கேம்னா கவலையே இல்ல. டாஸ்பாக்ஸ் போதும். ரொம்ப வேகமா ஓடினா 'சைக்கிள்ஸ்' அளவைக் குறைங்க.

இப்போ சேஃப்டிஸ்க் விஷயத்துக்கு வர்றேன். இங்கே கொஞ்சம் நின்னு பேசணும், ஏன்னா இங்கேதான் ஆட்கள் வம்பில் மாட்டுறாங்க.

2000-களின் முதல் பாதியில் வந்த பல ஒரிஜினல் சிடிகளில் சேஃப்டிஸ்க்னு ஒரு பூட்டு இருந்துச்சு. சிடியில் வேணும்னே சில இடங்களைப் படிக்க முடியாதபடி செஞ்சிருப்பாங்க. பிரதி எடுக்கும்போது வரிசையாப் பிழை வந்தா சிடி கெட்டுப்போச்சுன்னு நினைச்சிராதீங்க, அது அந்தப் பூட்டாவும் இருக்கலாம். அந்தப் பூட்டைச் சரிபார்க்க விண்டோஸின் அடித்தளத்திலேயே ஒரு டிரைவர் உட்கார்ந்திருந்தது. 2007-லேயே அதில் பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டது. கடைசியா 2015 ஜூலையில் வந்த விண்டோஸ் 10 அதை ஏத்துக்க மறுத்தது. அதே செப்டம்பரில் விண்டோஸ் 7, 8-க்கும் ஒரு அப்டேட் வந்து அதை முடக்கிருச்சு. என்ன ஆச்சுன்னா, காசு கொடுத்து ஒரிஜினல் வாங்கினவனோட கேம் திறக்கலை. பூட்டை உடைச்சு வித்த சிடியை வாங்கினவனுக்குத் திறந்துச்சு! இதில் எனக்குச் சிரிப்பும் வரும், கோபமும் வரும். விண்டோஸ் செஞ்சது சரிதான், ஓட்டை உள்ள டிரைவரை வச்சுக்கிட்டு இருக்க முடியாது. ஆனா பூட்டைப் போட்டவங்க சாவியை வாங்கினவன் கையில கொடுத்திருக்கணும்.

சில நிறுவனங்கள் பிறகு தாங்களே பூட்டில்லாத பேட்ச் கொடுத்தாங்க. ஜிஓஜி மாதிரி தளங்களில் 2008-லிருந்து பழைய கேம்களைப் பூட்டு இல்லாம, புது விண்டோஸுக்குச் சரிபண்ணி விக்கிறாங்க. தள்ளுபடி நாளில் ரொம்ப மலிவாக் கிடைக்கும். அங்கே இருந்தா வாங்கிருங்கன்னுதான் நான் சொல்வேன். ஆனா பையன்கள் என்ன செய்றாங்க? கேம் பெயரோட 'நோ சிடி கிராக்'னு சேர்த்துத் தேடுறாங்க. முதல்ல வர்ற தளத்துல எடுக்கிறாங்க. ஆன்ட்டிவைரஸ் கத்துது. "அது சும்மா கத்தும், ஆஃப் பண்ணிட்டு ஓட்டு"ன்னு கூடவே ஒரு குறிப்பு எழுதியிருக்கும். இவனும் ஆஃப் பண்றான். அது அப்பா அம்மா கல்யாண ஆல்பத்தை ஸ்கேன் பண்ணி வச்சிருக்கிற லேப்டாப். அக்கா அதுலதான் பேங்க் கணக்குப் பார்க்கிறா. ஃபைல் எல்லாம் பூட்டுப்பட்டு, பணம் கேட்டு செய்தி நிக்கிற மெஷினை என் மேஜையில பார்த்திருக்கேன். அதைத் திறக்க என்கிட்ட மருந்து கிடையாது. ஒரு டிஎல்எல் ஃபைல் இல்லைன்னு செய்தி வந்தாலும் இதே எச்சரிக்கைதான். 'டி3டிஎக்ஸ்9'னு தொடங்குற ஃபைல் இல்லைன்னு சொன்னா, மைக்ரோசாஃப்ட் தளத்திலேயே டைரக்ட்எக்ஸ் 2010 ஜூன் தொகுப்பு கிடைக்கும். விண்டோஸில் டைரக்ட்எக்ஸ் 12 இருந்தாலும் அந்தப் பழைய ஃபைல்கள் அதோட வர்றதில்ல. தனித்தனி டிஎல்எல் கொடுக்கிற தளங்கள் பக்கம் தலை வச்சும் படுக்காதீங்க.

மத்ததைச் சீக்கிரம் சொல்லிடுறேன். 'டைரக்ட்பிளே' கேட்டா, விண்டோஸ் ஃபீச்சர்ஸ்ல லெகசி காம்பொனென்ட்ஸ் கீழே இருக்கு, டிக் பண்ணுங்க. நிறம் கன்னாபின்னான்னு தெரிஞ்சா அது 256 நிறக் காலத்துக் கேம். 1999-ல் வந்த ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-ல் விண்டோஸ் 7 நாளில் புல்தரை சிவப்பாத் தெரியும். டாஸ்க் மேனேஜர்ல போய் எக்ஸ்ப்ளோரரையே மூடிட்டு விளையாடினோம், ஞாபகம் இருக்கா? இன்னிக்கு அந்தக் கூத்து வேண்டாம், 'சிஎன்சி-டிடிரா' அல்லது 'டிஜிவூடூ'ன்னு இலவசக் கருவிகள் இருக்கு. கம்பாட்டிபிலிட்டி மோடு? போட்டுப் பாருங்க, ஆனா அதையே நம்பிக்கிட்டு இருக்காதீங்க.

இப்போ சொல்லப்போறது தமிழ் ஆட்களுக்கு மட்டுமே வர்ற பிரச்சினை. ஆங்கிலத்தில் எத்தனை பக்கம் தேடினாலும் இது கண்ணில் படுறது கஷ்டம்.

ஓய்வு பெற்ற தமிழ் டீச்சர் ஒருத்தங்க. 2006-ல் வாங்கின டெஸ்க்டாப்பில் ஒரு படப்புதிர் கேம் வச்சிருந்தாங்க. அவங்களும் அவங்க வீட்டுக்காரரும் சாயங்காலம் மாறி மாறி ஆடுவாங்களாம். சார் இப்போ இல்ல. யார் எத்தனை நிமிஷத்துல முடிச்சாங்கங்கிற பட்டியல் அந்த கேமுக்குள்ள இருக்கு, அதுல சார் பேருதான் முதல் ஏழு எட்டு இடம். டெஸ்க்டாப் சத்தம் போட ஆரம்பிச்சதும் பேரன் புது லேப்டாப் வாங்கிக் கொடுத்து, ஆச்சி பெயரைத் தமிழிலேயே போட்டு அக்கவுன்ட் ஆரம்பிச்சுக் கொடுத்திருக்கான். எல்லாம் ஓடுது, இந்த கேம் மட்டும் திறக்கலை. ஒரு கடையில, "மொத்தமா அழிச்சு, இங்கிலீஷ் பெயர்ல புதுசாப் போட்டுத் தர்றோம்"னு சொல்லியிருக்காங்க. டீச்சருக்கு அது தாங்கலை. "எம்பேரை எம்மொழியில எழுதுனது தப்பாப்பா?"ன்னு என்கிட்ட கேட்டாங்க.

தப்பு இல்ல. ஆனா காரணம் அங்கேதான் இருந்துச்சு. கேம் எந்த ஃபைலைத் தேடுதுன்னு காட்டுற 'பிராசஸ் மானிட்டர்'னு ஒரு கருவி இருக்கு, மைக்ரோசாஃப்டோடது, இலவசம். அதில் பார்த்தா, சி டிரைவ், யூசர்ஸ், அதுக்குப் பிறகு டீச்சர் பெயர் வர வேண்டிய இடத்தில் வரிசையாக் கேள்விக்குறிகள்.

ஏன் அப்படி? யுனிகோடுக்கு முன்னாடி எழுதப்பட்ட மென்பொருள், ஒவ்வொரு மொழிக்கும் ஒரு எழுத்துப் பட்டியல் இருக்கும்னு நம்பி எழுதப்பட்டது. மேற்கு ஐரோப்பாவுக்கு 1252, ரஷ்யனுக்கு 1251, ஜப்பானியத்துக்கு 932. தமிழுக்கு அப்படி ஒரு பட்டியலை விண்டோஸ் கொடுக்கவே இல்ல. தமிழ் விண்டோஸுக்குள் வந்தது விண்டோஸ் 2000-ல், அதுவும் நேரடியா யுனிகோடில். நமக்கு அது நல்லதுதான், ஆனா பழைய கேமுக்குத் தமிழ்னு ஒண்ணு உலகத்தில் இருக்கிறதே தெரியாது. 'செல்வி'ன்னு பெயர் இருந்தா நமக்கு மூணு எழுத்து. கணினிக்குக் கொம்பு, புள்ளி, கொக்கி எல்லாம் தனித்தனி, மொத்தம் ஆறு. அதனால ஆறு கேள்விக்குறி. ஃபைல் பெயரில் கேள்விக்குறி வரவே கூடாதுன்னு விண்டோஸில் விதி. அதனால அந்தப் பாதையை விண்டோஸ் மறுக்கும், கேம் மூடிக்கிடும்.

செட்டிங்ஸ்ல போய்ப் பெயரை மாத்தினா சரியாயிருமான்னு கேட்பீங்க. ஆகாது. திரையில் தெரியுற பெயர் மாறும், யூசர்ஸ் ஃபோல்டருக்குள்ள இருக்கிற பெயர் மாறாது. யுனிகோடு இல்லாத மென்பொருளுக்கும் யுடிஎஃப்-8 கொடுக்கிற ஒரு சோதனை வசதி விண்டோஸில் இருக்கு. அதைப் போட்டா இந்த கேம் சில சமயம் எழுந்திரிக்கும், வேற பழைய மென்பொருள் படுத்துரும்.

நான் செஞ்சது ரொம்பச் சாதாரணம். டீச்சர் அக்கவுன்ட்டைத் தொடவே இல்ல. பக்கத்தில் ஆங்கில எழுத்தில் ரெண்டாவது அக்கவுன்ட் ஒண்ணு, கேமுக்கு மட்டும். சி டிரைவில் நேரடியா ஆங்கிலப் பெயரில், இடைவெளி இல்லாம ஒரு ஃபோல்டர், அதுக்குள்ள கேம். புரோகிராம் ஃபைல்ஸுக்குள்ள வைக்காததுக்குக் காரணம் உண்டு. எக்ஸ்பி காலத்துக் கேம்கள் சேமிப்பைத் தன் ஃபோல்டருக்குள்ளேயே எழுதும். விஸ்டாவிலிருந்து புரோகிராம் ஃபைல்ஸுக்குள் அப்படி எழுத விண்டோஸ் விடாது; எழுதுற மாதிரி காட்டிட்டு, 'வெர்ச்சுவல்ஸ்டோர்'ங்கிற மறைவான இடத்தில் கொண்டு வச்சுரும். சேமிப்பைக் காணோம்னு தேடுறவங்க அங்கேயும் ஒரு தடவை பாருங்க. டீச்சரோட பழைய மெஷின் எக்ஸ்பி. அதனால பட்டியல் கேம் ஃபோல்டரிலேயே இருந்துச்சு. அந்த ஒரு ஃபைலைக் கொண்டு வந்து வச்சதும் சார் பெயர் வரிசையா வந்துச்சு. அவர் பெயரை ஆங்கிலத்துலதான் அடிச்சிருந்தார். அந்த கேமுக்கு வேற எழுத்துத் தெரியாதே.

கடைசியா, "போன வாரம் வரைக்கும் ஓடுச்சு, அப்டேட் வந்து கெடுத்துருச்சு"ன்னு சொல்றவங்களுக்கு ஒரு கதை. சான் ஆண்ட்ரியாஸ் கேமில் ஸ்கிம்மர்னு தண்ணியில் இறங்குற ஒரு விமானம் உண்டு. விண்டோஸ் 11-இன் 24எச்2 அப்டேட்டுக்குப் பிறகு அந்த விமானமே காணாமல் போச்சு. பழைய ஜிடிஏ கேம்களுக்கு 'சைலன்ட்பேட்ச்' எழுதுறவர் 2025 ஏப்ரலில் அதைக் குடைஞ்சு கண்டுபிடிச்சார். வண்டிகளோட விவரப் பட்டியலில் ஸ்கிம்மர் வரியில் சக்கர அளவு விட்டுப் போயிருக்கு. இல்லாத அளவுக்கு என்ன செய்யணும்னும் கேமில் எழுதலை. அதுக்கு முந்தின வரியில் இருந்த ஒரு வேனோட சக்கர அளவு நினைவகத்தில் அழியாம மிச்சம் இருந்ததால, இருபது வருஷம் அதையே எடுத்துக்கிட்டு ஓடியிருக்கு! புது விண்டோஸ் அந்த இடத்தை வேற வேலைக்குப் பயன்படுத்தவும் குட்டு வெளிப்பட்டுச்சு. அப்டேட்டை எடுத்துவிட்டா கேம் ஓடும், பாதுகாப்பு போயிரும். சைலன்ட்பேட்ச் போட்டா ரெண்டும் இருக்கும். உங்க கேமுக்கு இப்படி யாராவது உக்காந்து பேட்ச் எழுதியிருக்காங்களான்னு தேடிட்டு, பிறகு அப்டேட்டைத் திட்டுங்க.

எதுவுமே ஒத்து வரலைன்னா விர்ச்சுவல் மெஷினில் எக்ஸ்பி போடலாம். 3டி கேமுக்கு அது அவ்வளவா சரிப்படாது. அதனால வீட்டில் பழைய டெஸ்க்டாப் இருந்தா எடைக்குப் போட்டுராதீங்க. நெட் ஒயரைக் கழட்டிருங்க. எக்ஸ்பிக்குப் பாதுகாப்பு அப்டேட் 2014 ஏப்ரலோட நின்னுபோச்சு. மதர்போர்டில் நாணயம் மாதிரி ஒரு பேட்டரி இருக்கும், சிஆர்2032, வாட்ச் கடையிலேயே கிடைக்கும், மாத்திருங்க. ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறதை வேற இடத்துல ஒரு பிரதி எடுத்துருங்க, அது எப்ப வேணாலும் போகலாம்.

கேள்வி அனுப்புறவங்க கேம் பெயரோட, அது எப்படி வந்துச்சு, எந்த விண்டோஸ், ஈவென்ட் வியூவரில் என்ன எழுதியிருக்கு, உங்க யூசர்ஸ் ஃபோல்டர் பெயர் என்ன எழுத்தில் இருக்கு, இதையும் சேர்த்து அனுப்புங்க. அடுத்த எபிசோட் பிரின்டர் பத்தி. சந்திப்போம்.